பீரோவுக்குப் பின்னால வந்த புத்து

போன புதன்கிழம காலையில ஒரு தீர்மானம் எடுத்தேன். இனிமே எம்பொண்டாட்டி தேன்மொழிய எங்க வீட்டு மர பீரோ பக்கம் அண்ட விடக்கூடாது. குறுக்க நான் செத்து விழுந்தாலும் சரி.

காரணத்தச் சொல்லுதேன். சத்தம் போடாமக் கேளுங்க. பீரோவுக்குப் பின்னால சுவத்துல கருப்பா ஒண்ணு மொளைச்சிருந்துச்சு. மொதல்ல ஒரு புள்ளி. அப்புறம் புள்ளிக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளகுட்டி பெத்து, புதன்கிழம நான் எட்டிப் பாக்கும்போது ஒரு ஊரே குடியேறியிருந்துச்சு. பக்கத்துல போனா ஒரு வாடை. மழையில நனைஞ்ச சாக்குக்குள்ள பழைய பாடப் புஸ்தகத்தப் போட்டுக் கட்டி வச்ச மாதிரி.

பூசணம்.

உங்களுக்குச் சிரிப்பா இருக்கும். வெளிய கத்திரி வெயிலு. சங்கரங்கோயில் ரோட்டுல தாரு இளகி செருப்போட சேந்து வீட்டுக்கு வருது. இந்த வெயில்ல எவன் வீட்டுலயாவது பூசணம் பூக்குமா? எங்க வீட்டுல பூத்துச்சு. பூக்க வச்சவன் நான். அதத்தான் மறைக்கணும்.

எம்பேரு சங்கரநயினார். வயசு முப்பது ஆகப்போகுது. இருந்த வேலையில மேனேஜரோட சண்டை போட்டு வெளிய வந்து, சண்டைதான் நமக்கு வருதுன்னு லா காலேஜ்ல சேந்தேன். ரெண்டாவது வருசம் படிக்கேன். பஸ்ல கண்டக்டரு, கடையில தராசு, காலேஜ்ல புரொபசரு, ஒருத்தரையும் விட்டதில்ல. பாடம் முடிஞ்சதும் "யாருக்காவது சந்தேகம் இருக்கா"ன்னு கேக்குத பழக்கத்தையே எங்க புரொபசர் என்னால விட்டுட்டாரு.

தேன்மொழி தாலுகா ஆபீஸ்ல வேல பாக்கா. அவ சண்டையே போடமாட்டா. நான் அரைமணி நேரம் வாதாடுவேன். கடைசில "சரி"ம்பா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து எல்லா வாதத்துலயும் செயிச்சது நாந்தான். ஆனா வீட்டுல ஒரு காரியம்கூட நான் சொன்னபடி நடந்ததில்ல. அது எப்படின்னு எந்தச் சட்டப் புஸ்தகத்துலயும் இல்ல.

சித்திரை வெயிலு தாங்காம, பரிச்சைக்குப் படிக்கணும்னு சொல்லி ஒரு கூலர் வாங்கினேன். ஏசி இல்ல. தண்ணி ஊத்துனா குளுகுளுன்னு ஊதுமே, அது. படுக்கற ரூம்ல வச்சு, ஜன்னல் ரெண்டையும் இறுக்கிச் சாத்தி, கதவுக்குக் கீழ துண்டச் சுருட்டி அடைச்சேன். தேன்மொழி பாத்துக்கிட்டே இருந்தா.

"ஜன்னலத் தொறந்து வைங்க."

"எதுக்கு?"

"கடைக்காரரு சொன்னாருல்ல, காத்து வெளிய போக வழி வேணும்னு."

"கடைக்காரன் படிச்சவனா, நான் படிச்சவனா?"

"நீங்க இன்னும் படிச்சுக்கிட்டு இருக்கீங்க."

"இங்க பாரு தேனு. உள்ள இருக்க குளிரு நம்ம சொத்து. ஜன்னலத் தொறந்தா சொத்து வெளிய போயிரும். தெருவுல போறவனுக்கெல்லாம் நாம எதுக்குக் குளிரு குடுக்கணும்?"

"அது தண்ணியத்தான ஊதுது. அடைச்சு வச்சா ரூமு பூரா ஈரமாயிராதா? பீரோல துணிமணி இருக்கு."

"துணிக்கும் இதான் நல்லது. மியூசியத்துல ராசா போட்ட சட்டையெல்லாம் எப்படிக் கெடாம இருக்கு? குளிர்ல வச்சிருக்கான். இந்த ரூம்ல இருந்தா ஒரு துணி நூறு வருசம் வரும். எழுதி வச்சுக்க. என் கோட்டக்கூட இந்த ரூம்லயே பத்திரமா வை. மூட் கோர்ட்டுக்கு வேணும்."

மூட் கோர்ட்டுன்னா காலேஜுக்குள்ளயே நடக்குத ஒத்திகைக் கோர்ட்டு. வழக்கு பொய்யி. சாட்சி பொய்யி. ஜட்ஜும் பொய்யி. போடுத கருப்புக் கோட்டு மட்டும் நெசம். நான் வக்கீலா நின்னு எங்க புரொபசருக்கு முன்னால மொத தடவ பேசப் போறேன். அந்த மனுசன் என்னைக் கவுக்கணும்னு ஒரு வருசமாக் காத்துக் கெடக்காரு.

தேன்மொழி என்னையப் பாத்தா, பீரோவப் பாத்தா.

"சரி"ன்னா.

அதுக்கப்புறம் நான் அந்த ரூம்ல ராசா மாதிரி இருந்தேன். வெளிய ஊரே வெந்துச்சு. உள்ள எனக்குக் குளிர்ல பல்லு கிட்டிச்சு. புஸ்தகம் வளைஞ்சுச்சு. நான் கண்டுக்கல. பெல்ட்டு பச்சையாச்சு. தோலு மட்டம்னு கடைக்காரனோட போயிச் சண்டை போட்டேன். சுவத்துல கைய வச்சா சில்லுன்னு ஈரம் ஒட்டுச்சு. இயற்கைன்னு நெனச்சேன்.

புதன்கிழம பேனா ஒண்ணு பீரோவுக்குப் பின்னால விழுந்துச்சு. போன்ல லைட்டப் போட்டுக் குனிஞ்சேன். அங்கன அந்த ஊரப் பாத்தேன்.

ஒடனே பீரோவத் தொறந்தேன். மேல் தட்டுல அவ கூறைச்சேலை இருக்க அட்டைப் பெட்டி. மூடி மேல வெள்ளையா, மெத்துன்னு, பூனைக்குட்டி முதுகு மாதிரி முடி.

எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு பஸ்ஸு பிரேக் அடிச்சு நின்னுச்சு.

ஏன்னா ஞாயித்துக்கிழம அவ தம்பி பாண்டிராஜுக்குக் கல்யாணம். எங்க பக்கத்துல மாப்பிள்ள மொத முடிச்சுப் போடுவான். மிச்ச முடிச்ச நாத்தனார் போடணும். பாண்டிராஜுக்கு ஒரே அக்கா இவதான். கூறைச்சேலையக் கட்டிக்கிட்டு மணவறையில பொண்ணுக்குப் பின்னால இவ போயி நிக்கணும். ஊரு ஒறவு எல்லாம் அப்பத் தாலியப் பாக்காது, சேலையத்தான் பாக்கும். அந்தச் சேலைய அவங்கப்பா உசுரோட இருக்கும்போது கடை கடையா ஏறி எறங்கி எடுத்தது. அவரு எடுத்துக் குடுத்த கடைசிச் சேலை.

பெட்டிய லேசாத் தூக்கிப் பாத்தேன், கனமா இருந்துச்சு. தொறந்து பாத்திருக்கலாம். கை போகல. தொறந்தாத் தெரிஞ்சிரும். தொறக்காத வரைக்கும் நான் நிரபராதி. பீரோவச் சாத்திட்டு போன்ல பூசணத்தப் பத்திப் படிச்சேன். மூச்சு முட்டும்னு போட்டிருந்துச்சு. ஒடனே முட்டுச்சு. இருமல் வரும்னு போட்டிருந்துச்சு. அதுவும் வந்துச்சு. அடுத்த வரியப் படிக்காம போன அணைச்சுட்டேன்.

பயம் வந்தா எனக்குக் கோவம் வரும். கோவம் வந்தா எதிராளி வேணும். மாடியில எதிராளி இருந்தாங்க. வீட்டுக்காரம்மா, கதீஜம்மாள். கடையநல்லூர்ல பொறந்து இங்க வாழ வந்தவங்க. கூப்பிட்டுக்கிட்டு வந்து சுவத்தக் காட்டுனேன்.

"பாருங்க. ஒங்க பாத்ரூம் தண்ணி ஒழுகி எங்க சுவரு பூரா ஓதம். இது சட்டப்படி ஒங்க பொறுப்பு."

அந்தம்மா சேலைத் தலைப்பால மூக்கப் பொத்திக்கிட்டுப் பாத்தாங்க.

"தம்பி, எங்க பாத்ரூம் அந்தாப்ல தெக்குப் பக்கம் இருக்கு. இந்தச் சுவத்துக்கு மேல மொட்டமாடி. அங்கன நான் கூழ்வத்தல் காயப் போட்டிருக்கேன். காலையில போட்டது மத்தியானம் நொறுங்குது."

"அப்ப இந்த ஈரம் எங்கேருந்து வந்துச்சு?"

கதீஜம்மாள் கூலரப் பாத்தாங்க. சாத்தின ஜன்னலப் பாத்தாங்க. கதவுக்குக் கீழ கெடந்த துண்டப் பாத்தாங்க. கடைசியா என்னையப் பாத்தாங்க. எல்லாத்தையும் ஒரே பார்வையா.

"அடைச்ச ரூம்ல ராத்திரி பகலா தண்ணிய ஊதுனா சுவரு வேர்க்காதா தம்பி?"

"சுவரு வேர்க்குமா? எந்தச் சட்டத்துல இருக்கு?"

"சட்டத்துல இல்ல. ஒங்க சுவத்துல இருக்கு." அந்தம்மா துண்டக் காலால தள்ளுனாங்க. "ஜன்னலத் தொறங்க. பீரோவச் சுவத்த விட்டு இழுத்துப் போடுங்க. சோப்புத் தண்ணியில துணிய நனைச்சுத் தொடைங்க. காஞ்ச துணியால தட்டிராதீங்க, வீடு பூராப் பறக்கும்."

"நான் பாத்துக்கிடுதேன். தேன்மொழிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

"நான் எதுக்கு வாப்பா சொல்லப் போறேன்"ன்னு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு எனக்கு அப்பவே பிடிக்கல.

அவங்க போனதும் காஞ்ச வெளக்கமாத்த எடுத்துத் தட்டுனேன். ஒருத்தரு சொல்லி நான் எதுக்குக் கேக்கணும்? பறந்துச்சு. தும்மல் பிடிச்சுச்சு. தும்மித் தும்மி பீரோல முட்டி நெத்தி பொடைச்சுச்சு. அடுத்து பிளீச்சிங் பவுடரக் கரைச்சு அடிச்சேன். நீலச் சுவரு. பவுடரு பட்ட எடமெல்லாம் வெளுத்து, கருப்புக்கு வெள்ளையில பார்டர் கட்டுன மாதிரி ஆச்சு. முந்தியாவது குனிஞ்சு பாத்தாத்தான் தெரிஞ்சுச்சு. இப்பத் தெருவுல இருந்து தெரியுது.

சாயங்காலம் தேன்மொழி வந்து செருப்பக் கழத்தினா.

"என்னங்க, பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கு?"

"பாத்ரூமக் கழுவுனேன்."

"நீங்களா?"

"ஏன், நான் கழுவக் கூடாதா?"

"கழுவலாம். இத்தன வருசத்துல தோணல, இன்னைக்குத் தோணியிருக்கு. நல்லதுதான்." தண்ணியக் குடிச்சா. "நெத்தியில என்ன?"

"படிச்சேன்."

"படிச்சா நெத்தி வீங்குமா?"

"நல்லாப் படிச்சா வீங்கும்."

"சரி. நாளைக்குச் சாயங்காலம் கூறைச்சேலைய எடுத்து நெழல்ல ஆறப்போடணும். மடிப்புலயே இருந்தா ஜரிகை இத்துப் போகும்."

அன்னைக்கு ராத்திரி பீரோவப் பாத்துக்கிட்டே படுத்துக் கெடந்தேன்.

மறுநாள் அவ ஆபீஸ் போனதும் பூஜை அலமாரி முன்னால நின்னு, அம்மா காப்பாத்துன்னு கும்பிட்டேன். கண்ணத் தொறந்தா எதிர்ல புத்துமண் டப்பா.

சங்கரங்கோயில்ல புத்துமண் இல்லாத வீடு உண்டா? கோமதியம்மன் கோயில்ல குடுக்கது. பூச்சி கடிச்சா அதக் கொழைச்சுப் பூசுவோம். தோல்ல தடிப்பு வந்தாப் பூசுவோம். எங்க ஊருக்காரன் ஒடம்பப் பாதி ஆசுபத்திரி பாக்குது, மீதிய அந்த மண்ணுதான் பாக்குது. அதப் பாத்ததும் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு.

சுவத்துல புத்து வந்திருச்சுன்னு சொல்லிட்டா?

புத்து சாமி. சாமிய நகத்தக் கூடாது. பீரோவ அசைக்கக் கூடாது, தொறக்கக் கூடாது. எங்க ஊருல எந்தப் பொம்பள புத்துக்கு எதிரா வாதாடுவா? பெஞ்சுல அம்மனே உக்காந்த மாதிரி.

டப்பால ஒரு கைப்பிடிதான் இருந்துச்சு. பாவம் வரும்னு கன்னத்துல போட்டுக்கிட்டு ஒரு சிட்டிகை எடுத்தேன். மிச்சத்துக்குக் கொல்லையில செவ்வந்திச் செடிக்குக் கீழ மண்ணு வெட்டினேன். கொழைச்சு, பீரோவுக்குப் பின்னால கைய விட்டு, தரையில இருந்து சுவரு வரைக்கும் மேடு மேடா அப்பினேன். பூசணம் முழுசும் மறைஞ்சுச்சு. தூர நின்னு பாத்தா எனக்கே பக்தி வந்துச்சு.

சாயங்காலம் வாசல்லயே மறிச்சேன்.

"தேனு, பதறாத. பீரோவுக்குப் பின்னால புத்து வந்திருக்கு."

"என்ன புத்து?"

"நம்ம அம்மன் புத்து. அப்படியே எழும்பி நிக்கி."

கால் கழுவிட்டு வந்தா. பீரோவுக்கும் சுவத்துக்கும் நடுவுல போன்ல லைட்டப் போட்டுக் குனிஞ்சா. ரொம்ப நேரம் பாத்தா. கோர்ட்டுல தீர்ப்புக்கு நிக்கவன் எப்படி நிப்பான்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு.

"காலையில இல்லையே."

"நீ போனப்புறம் வந்துச்சு."

"ஒரே நாள்லயா?"

"அம்மன் நெனச்சா ஒரு நாள் எதுக்கு, ஒரு நிமிசம் போதும்."

"செவ்வந்தி வேரு தெரியுது."

"பூவோட வந்திருக்கா."

"ஷாம்பு பாக்கெட்டு நுனி ஒண்ணு தெரியுதே."

"அது… மண்ணுக்குள்ள என்னெல்லாமோ கெடக்கும் தேனு. பூமிதான."

தேன்மொழி நிமுந்தா. ரெண்டு கையும் சேத்துக் கும்பிட்டா. எனக்கு உசுரு வந்துச்சு.

"சரி"ன்னா. "அப்ப இந்த பீரோவத் தொடக்கூடாது."

"கூடவே கூடாது."

"சேலைய எடுக்க முடியாது."

"நானும் அதத்தான் நெனச்சு வருத்தப்பட்டேன்."

"புத்து இருக்க எடத்துல ஈரம் ஆகாது. கரைஞ்சிரும். கரைஞ்சாக் குடும்பத்துக்கு ஆகாது." கூலர் பிளக்க உருவினா. "ஜன்னல் ரெண்டும் தொறந்தே கெடக்கணும். அது வந்து போக வழி வேணும்ல."

"எது?"

"புத்துன்னா சும்மாவா இருக்கும்? உள்ள ஆள் இருக்கும்ல."

"யாரு ஆளு?"

"வெளக்கு வச்ச நேரத்துல அது பேரச் சொல்லக் கூடாதுங்க."

எனக்கு அது பேரச் சொன்னாலும் ஆகாது, சொல்லாட்டாலும் ஆகாது. டிவில நெளிஞ்சாக்கூட சேனல மாத்துதவன் நான். "தேனு, இது சாதாரணப் புத்து. அதெல்லாம் வராது"ன்னேன்.

"நீங்க எப்படிச் சொல்ல முடியும்? நீங்களா கட்டினீங்க?"

கைய முதுகுக்குப் பின்னால கொண்டு போனேன். நகத்துல இன்னும் மண்ணு இருந்துச்சு.

"நான் ஹால்ல கூலரப் போட்டுப் படுத்துக்கிடுதேன். நீங்க இங்கன காவல் இருங்க. கண்ணுல பட்டவருதான் காவல் இருக்கணும்னு அம்மா சொல்லுவா. ஒரு கிண்ணத்துல பால் வையுங்க."

கூலரு ஹாலுக்குப் போச்சு. அங்கன ஜன்னலத் தொறந்து வச்சு, ஜன்னலுக்கு முன்னால அதப் போட்டுக்கிட்டா. ஜம்முன்னு காத்து வந்திருக்கும்போல. என் ரூம்ல பாலும் நானும். ரெண்டு பேரும் திரிஞ்சோம்.

வெள்ளிக்கிழம அவ ஆபீஸ் போனப்புறம் கட்டில்ல காலத் தூக்கி வச்சு உக்காந்து படிச்சேன். ஒரு பக்கம் கூட ஓடல. பீரோவுக்குப் பின்னால "சர்ர்"ன்னு ஒரு சத்தம். கட்டில்ல ஏறி நின்னேன். மறுபடியும் "சர்ர்". போர்வையத் தலை வழியாப் போத்திக்கிட்டேன். இந்த வெயில்ல. அப்புறம் காஞ்ச மண்ணு ஒரு கட்டி உருண்டு வெளிய வந்து விழுந்துச்சு. அதான் சத்தம். எனக்குத் தெரியும், அங்கன எதுவும் கெடையாதுன்னு. கட்டினவன் நாந்தான. இருந்தாலும் வேர்வை ஊத்துச்சு. ஒருவேள கட்டினப்புறம் அது குடி வந்திருந்தா? நல்ல வீடுன்னு பாத்து?

கொஞ்சம் தைரியம் பண்ணி, ஒட்டடைக் கம்ப நீட்டிப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பாத்தேன்.

புத்துக்கு முடி மொளைச்சிருந்துச்சு.

வெள்ளையா. மேட்டுக்கு மேடு. ஒரே நாள்ல. கொழைச்ச ஈர மண்ணப் பூசணத்து மேல அப்பினா, அதுக்குச் சோறு போட்டு பாயும் விரிச்ச மாதிரின்னு எனக்கு அப்பத் தெரியல. அம்மனுக்குக் கோவம் வந்திருச்சுன்னுதான் நெனச்சேன். பொய்ச் சத்தியம் பண்ணினவனுக்குச் சட்டத்துல என்ன தண்டனைன்னு தெரியும். பொய்ப் புத்து கட்டினவனுக்கு?

சாயங்காலம் அவ சிரிச்ச மொகமா வந்தா.

"என்னங்க, ஆபீஸ்ல சொன்னேன். எல்லாரும் மெய்சிலுத்துப் போயிட்டாங்க. நாளைக்குக் காலையில எல்லாரும் மஞ்சள், குங்குமத்தோட வாராங்களாம். தாசில்தார் வீட்டம்மாகூட வாராங்க. பந்தல் போடணுமான்னு கேட்டாங்க."

"பந்தலா?"

"பின்ன? தெருவே வரும். கண்டவரு நீங்க. மாலையப் போட்டு நடுவுல உக்கார வைப்போம். எப்படி வந்துச்சுன்னு ஒங்க வாயால சொல்லணும்."

"தேனு."

"ம்."

"உக்காரு."

"சொல்லுங்க."

"அது புத்து இல்ல."

"பின்ன?"

"பூசணம். கூலர அடைச்சு வச்சுப் போட்டதுல சுவரு பூராப் பூசணம் பூத்திருச்சு. நாந்தான் மண்ண அப்பினேன்."

"தெரியும்"ன்னா.

"கதீஜம்மா சொல்லிட்டாங்களா?"

"அவங்க எதுக்குச் சொல்லணும்? நேத்து லைட்டடிச்சதும் பாத்தேன். அஞ்சு வெரலும் வரிசையாப் பதிஞ்சிருக்கு. அதுல ஒரு வெரல்ல மோதிரம். மோதிரத்துல 'ச'."

எங்கம்மா வீட்டுல போட்ட மோதிரம், லூசா இருக்கதால எப்பவும் உள்ளங்கைப் பக்கம் திரும்பிக்கிடும். என் பேரோட மொத எழுத்து. வக்கீலுக்குப் படிக்கவன், சம்பவ எடத்துல கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கேன். ஆனா நான் லேசுல விடுதவனா?

"'ச'ன்னா சங்கரலிங்க சாமி. சாமியே எழுதியிருக்கலாம்ல?"

"சாமி கண்ணாடியப் பாத்தா எழுதுவாரு? எழுத்து எடம்வலமாத் திரும்பியிருக்கு."

"அப்ப ஆபீஸ்ல எல்லாரும் வாராங்கன்னது?"

"ஒருத்தரும் வரல. ஒங்களுக்கு எத்தன நாள் பால் வைக்க முடியும்னு பாத்தேன்."

சனிக்கிழம விடிஞ்சதும் வேல ஆரம்பிச்சுச்சு. நான் மூக்குல துணி கட்டிக்கிட்டேன். ஜன்னல் ரெண்டும் தொறந்து கெடந்துச்சு. காத்தாடி முழு வேகத்துல சுத்துச்சு. அவ ஹால்ல, கூலருக்கு முன்னால நாக்காலியப் போட்டு, பொண்ணு வீட்டுக்கு மருதாணிய அரைச்சுக்கிட்டே எனக்கு உத்தரவு போட்டா.

"மண்ண ஒதறாதீங்க. ஈரத்துணியால அள்ளுங்க."

"அள்ளுதேன்."

"கோயில் மண்ணும் அதுல கலந்திருக்கு. குப்பையில போடாம செவ்வந்திச் செடிக்கே போடுங்க. அது வீட்டுக்கு அது போகட்டும்."

"போடுதேன்."

"சோப்புத் தண்ணியப் போட்டுத் தேச்சப்புறம் காஞ்ச துணியால ஒத்துங்க. தேச்ச துணியத் தனியா வையுங்க. பீரோவ ஒரு கை அளவு தள்ளிப் போடுங்க, சுவத்துக்கும் பீரோவுக்கும் நடுவுல காத்து ஓடணும்."

"இதெல்லாம் ஒனக்கு எப்படித் தெரியும்?"

"மொத நாளே ஜன்னலத் தொறங்கன்னு சொன்னது யாரு?"

மேல மாடியில கதீஜம்மாள் கூழ்வத்தல அள்ளிக்கிட்டே எட்டிப் பாத்தாங்க. "என்ன தம்பி, ஒழுகுதது நின்னுச்சா?" நான் மூக்குத் துணிய இன்னும் மேல ஏத்திக் கட்டிக்கிட்டுச் சுவத்தத் தேச்சேன்.

மத்தியானத்துக்குள்ள சுவரு தெளிஞ்சுச்சு. எனக்குத் தெளியல. இனி மிச்சம் இருக்கது பெட்டி. விடிஞ்சாக் கல்யாணம். எத்தன தீர்மானம் எடுத்து என்ன, இத மறைக்க இனி எனக்குச் சுவரும் இல்ல, சாமியும் இல்ல. நான் அவ முன்னால போயித் தரையில உக்காந்தேன். நான் யாரு முன்னாலயும் அப்படி உக்காந்ததில்ல.

"தேனு. சேலைப் பெட்டிலயும் பூசணம் ஏறிருச்சு. மூடி மேல பாத்தேன். உள்ள தொறந்து பாக்கத் தைரியம் வரல. ஒங்கப்பா எடுத்துக் குடுத்த சேல. நாந்தான் கெடுத்தேன். என்ன வேணா சொல்லு."

அவ மருதாணிக் கைய நிறுத்தினா. மொகம் கொஞ்சம் எளகுச்சு. ரொம்ப இல்ல.

"சேல அங்கன இல்லங்க."

"என்ன?"

"நீங்க மியூசியம் கத சொன்னீங்கல்ல, அன்னைக்கு நீங்க குளிக்கப் போனதும் எடுத்துக்கிட்டுப் போயி மேல கதீஜம்மா பீரோல வச்சுட்டேன். வேட்டித்துணியில சுத்தி, நல்லா இருக்கு. நேத்தே நெழல்ல ஆறப்போட்டு மடிச்சாச்சு."

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. மூணு நாளா என் நெஞ்சு மேல நின்ன பஸ்ஸு நகந்து போச்சு. ஒரு பெருமூச்சு விட்டு எந்திரிச்சேன். அப்பத்தான் ஒண்ணு தோணுச்சு.

"பெட்டி கனமா இருந்துச்சே. அதுல என்ன இருக்கு?"

தேன்மொழி மருதாணிய ஒரு உருட்டு உருட்டினா.

"நீங்கதான சொன்னீங்க, கோட்டையும் இந்த ரூம்லயே பத்திரமா வைன்னு. இங்கன இருந்தா ஒரு துணி நூறு வருசம் வரும்னு. நான் எதுத்தா பேசினேன்? சரின்னுட்டு வச்சேன்."

ஓடிப்போயி பெட்டியத் தொறந்தேன்.

திங்கக்கிழம மூட் கோர்ட்டு. என் கருப்புக் கோட்டுக்கு முழுசா நரைச்சிருந்துச்சு.